குளக்கரையில் விளக்கு, ஆலைக் கதவில் பூட்டு!

கோவை நகரம் அபிவிருத்தி அடைந்து வருகிறது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். மாலையானால் வாலாங்குளத்துக் கரையில் வண்ண விளக்குகள் எரிகின்றன. தண்ணீரில் படகு விடுகிறார்கள். உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். குறிச்சிக் குளத்தருகே தமிழ் எழுத்துக்களாலேயே அமைந்த திருவள்ளுவர் சிலை நிற்கிறது. ரேஸ்கோர்ஸைச் சுற்றி மாதிரிச் சாலை. திவான்பகதூர் ரோட்டில் கார்களை அடுக்கி வைப்பதற்கென்றே ஒரு மாடி. உக்கடத்துக்கு மேலே 2024 ஆகஸ்டில் ஒரு பாலம் திறந்தார்கள். அவிநாசி ரோட்டின் மேலே பத்துக் கிலோ மீட்டருக்கு இன்னொரு பாலம், 2025 அக்டோபரில். அடுத்த மாதமே காந்திபுரத்தில் செம்மொழிப் பூங்கா.

இதே நகரில் புலியகுளத்துப் பக்கம் பங்கஜா மில் இருக்கிறது. ஒண்டிப்புதூரில் கம்போடியா மில், பீளமேட்டில் ரங்கவிலாஸ் மில், மேட்டுப்பாளையம் ரோட்டில் முருகன் மில். எல்லாம் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள். அதாவது ஜனங்களின் சொத்து. 2020 மார்ச்சில் ஊரடங்கு என்று சொல்லி நிறுத்தினார்கள். நாடு முழுவதிலும் இந்தக் கழகத்தின் 23 ஆலைகள் ஒன்றாக நின்றன. ஊரடங்கு போயிற்று. சினிமாக் கொட்டகை திறந்தது, மதுக்கடை திறந்தது, தனியார் நூற்பாலைகள் எல்லாம் ஓடின. இந்த ஆலைகளை மட்டும் முறையாக ஓடவிட மத்திய சர்க்காருக்கு மனம் வரவில்லை. வேலை இல்லை, பாதிச் சம்பளம் வாங்கிக்கொள் என்றார்கள். அந்தப் பாதிக்கும் ஆலை வாசலில் உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று.

விளக்கு எரிந்த செய்தியையும் ஆலை நின்ற செய்தியையும் பத்திரிகைகள் வெவ்வேறு பக்கங்களில் போடுகின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும்படி நாம் கேட்டுக்கொள்கிறோம்.

பூங்காவுக்கு நாம் விரோதிகளல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுவோம். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் படுத்துறங்கும் தொழிலாளிக் குடும்பத்துக்குத்தான் குளக்கரைக் காற்று அதிகம் வேண்டும். பங்களாக்காரனுக்குத் தோட்டம் வீட்டிலேயே இருக்கிறது. குப்பை மேடாகக் கிடந்த கரையில் குழந்தைகள் ஓடி விளையாடுவது நல்ல காரியம்தான். திவான்பகதூர் ரோட்டில் நடந்து போகிறவனுக்கு நடக்க இடம் கிடைத்ததும் நல்லதுதான். நம்முடைய கேள்வி வேறு. நகரின் நடுப்பகுதியை, நாம் டவுன் என்று சொல்கிற அந்தக் கடைவீதிகளை, புத்துயிர் பெறச் செய்யப் போகிறோம் என்கிறார்களே, அந்த உயிர் எங்கிருந்து வருகிறது?

ஒப்பணக்கார வீதியில், ராஜ வீதியில், பெரிய கடைவீதியில் பழைய கடைக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். மில்களில் தீபாவளி போனஸ் பட்டுவாடா ஆகிற சமயத்தில் அந்த வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது என்பார். தொழிலாளி போனஸ் வாங்கினால் முதலில் மளிகைக் கடைப் பாக்கி தீரும். பிறகு பிள்ளைகளுக்குத் துணி. துணியிலிருந்து தையற்காரருக்குக் கூலி. தையற்காரர் வீட்டம்மாள் அந்தக் கூலியில் உழவர் சந்தைக்குப் போகிறாள். அங்கே தொண்டாமுத்தூரிலிருந்து தக்காளியும் கத்தரிக்காயும் கொண்டுவந்த சிறு விவசாயி அதை வாங்கி முடிந்துகொள்கிறார். அதிலிருந்து அவருடைய தோட்டத்தில் களையெடுத்த பெண்ணுக்கு நாள் கூலி. அந்தப் பெண் நோம்பிக்கு ஒரு சேலை எடுக்க மறுபடி டவுனுக்கே பஸ் ஏறுகிறாள். ஒரே ரூபாய் நாலைந்து கை மாறி நாலைந்து அடுப்பை எரிய வைக்கிறது. அதே ரூபாய் கூலியாக வெளியே வராமல் லாபக் கணக்கில் தங்கிவிட்டால், அது இந்த வீதிகளைச் சுற்றி வருவதில்லை. பங்கு மார்க்கெட்டுக்குப் போகிறது. நகரத்துக்கு வெளியே வளைத்துப் போடுகிற மனையிடத்துக்குப் போகிறது.

ஆகவே மில் தொழிலாளியின் சம்பளமும் விவசாயத் தொழிலாளியின் கூலியும் டவுன் வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று எந்த வியாபாரியும் நினைக்க வேண்டாம். சூலூரிலும் அன்னூரிலும் பொள்ளாச்சியிலும் தோட்டங்காட்டில் கூலி உயர்ந்தால் கல்லாப் பெட்டி நிறைவது கோவையில்தான்.

இந்த நகரம் வளர்ந்த கதையே அதுதான். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை இங்கே முதல் நூற்பாலையை வைத்தார். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் வரிசையாக எழுந்தன. மானம் பார்த்த காட்டில் சோளமும் பருத்தியும் போட்டுக் காலந்தள்ளிய குடும்பங்கள் மில்லுக்கு வந்தன. மில் சங்கு கேட்கிற தூரத்துக்கெல்லாம் டீக்கடை, பலகாரக் கடை, சைக்கிள் கடை, சவரக் கடை என்று ஊர்கள் பெருத்தன. சிங்காநல்லூரும் பீளமேடும் உப்பிலிபாளையமும் இன்று இருக்கிற உருவத்துக்கு வந்தது அப்படித்தான். எந்த ஆலோசனைக் கம்பெனியும் படம் போட்டுக் காட்டி அவற்றை வளர்க்கவில்லை.

கூலியும் பஞ்சப்படியும்கூடத் தாமாக வந்துவிடவில்லை. சங்கம் கட்டி, அடி வாங்கி, சிறை சென்று பெற்றவை அவை. செம்மொழிப் பூங்கா எழுந்திருப்பது கோவை மத்தியச் சிறையின் நிலத்தில். வ.உ.சி. செக்கிழுத்த சிறை அது. ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகளான சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரையும் 1946 ஜனவரி 8-ந் தேதி தூக்கிலிட்டதும் அந்தச் சிறையில்தான். பூங்காவுக்கு உலாவப் போகிற தொழிலாளி அது எந்த மண் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அவர்கள் வேலை செய்த மில் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அப்படிப் பெற்ற கூலி எங்கே போயிற்று? 1990-களிலிருந்து நிரந்தரத் தொழிலாளியை ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்பதைக் கையெழுத்துப் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். புதிய நூற்பாலைகள் நகரை விட்டு விலகி அன்னூர், அவிநாசி, பல்லடம், உடுமலைப் பக்கம் எழுந்தன. தென் மாவட்டங்களிலிருந்து ஏழை வீட்டுப் பெண்களை அழைத்துவந்து விடுதியில் வைத்தார்கள். மூன்று வருஷம் வேலை பார், முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று ஆசை காட்டினார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்கு மங்களகரமான பெயர் ஒன்று. தொழிலாளிகள் வைத்த பெயர் கேம்ப் கூலி. இரண்டாவது பெயர்தான் பொருத்தம். வருஷம் முடியுமுன் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பெண்கள் அந்தத் தொகைக்காக அலைந்த கதைகள் ஏராளம்.

இதில் கடைவீதிக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் சம்பாதித்த கூலியில் பெரும்பங்கு மூன்று வருஷம் முதலாளியின் பெட்டியில் கிடக்கிறது. நினைத்த நேரத்தில் விடுதிக் கதவைத் தாண்டி வெளியே வர அவளுக்கு உரிமையில்லை. ஒரு ஆலையில் ஆயிரம் பேர் இப்படி வேலை செய்தாலும் பக்கத்து டீக்கடைக்குப் பத்து வாடிக்கை கிடையாது. பழைய மில்லைச் சுற்றி ஒரு ஊர் முளைத்தது. புதிய மில்லைச் சுற்றி மதில் சுவர்தான் முளைத்திருக்கிறது.

பெண்களுக்கு அடுத்தபடி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளிகளைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் நம் சகோதரர்கள். அவர்களால்தான் நம் பிழைப்புக் கெட்டது என்று தூண்டிவிடுகிறவன் முதலாளிக்குத்தான் சேவகம் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹால் பக்கம் போய் நடைபாதைக் கடைகளில் சட்டையும் செருப்பும் பேரம் பேசி வாங்குகிறவர்களைப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலாளிகள் என்று தெரியும். அவர்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைத்தால் அந்த வியாபாரம் இன்னும் பெருகும். நம் கூலியையும் யாரும் கீழே இழுக்க முடியாது.

அவிநாசி ரோட்டில், 1910-ல் தோன்றிய லட்சுமி மில்ஸின் வளாகத்தில், 2023-ல் லூலூ பெருங்கடையைத் திறந்தார்கள். தனியார் இடம், அவர்கள் இஷ்டம் என்பார்கள். நூல் நூற்ற இடத்தில் சாமான் விற்கிறார்கள், சரி. சாமான் வாங்குகிற கூலி இனி எந்த இடத்தில் உற்பத்தியாகும் என்று யாராவது கேட்டார்களா?

தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் நிலமோ யாருடைய இஷ்டத்துக்கும் விட்ட நிலமல்ல. லாபத்தை உறிஞ்சிக்கொண்டு, யந்திரத்தைப் புதுப்பிக்காமல், கடனை ஏற்றி வைத்து முதலாளிகள் கைவிட்ட ஆலைகள் அவை. 1974-ல் சட்டம் செய்து 103 ஆலைகளை நாட்டுடைமையாக்கினார்கள். தொழிலாளியின் வேலையைக் காக்கவும் ஏழைக்கு மலிவு விலையில் துணி கொடுக்கவும்தான் அது செய்யப்பட்டது. பிறகு வந்த சர்க்கார்களோ முதலாளிகள் செய்ததையே திருப்பிச் செய்தன. நல்ல யந்திரமில்லை, பஞ்சு வாங்கப் பணமில்லை என்று நஷ்டத்தை வளர்த்தார்கள். நகரின் நடுவிலே காட்டூர் வட்டாரத்தில் காளீஸ்வரா மில்லும் சோமசுந்தரம் மில்லும் ஏற்கெனவே மூடப்பட்டன. நகரம் பெருகப் பெருக இந்த மில் நிலங்களின் விலையும் ஏறிவிட்டது. ஆலை ஓடினால் கிடைப்பதைவிட நிலத்தை விற்றால் கிடைப்பது அதிகம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் டில்லியிலும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கின் முடிவு என்ன என்பதைப் பம்பாய் காட்டிவிட்டது. 1982-ல் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் அங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மில் நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதானால் மூன்றில் ஒரு பங்கு நகரசபையின் பூங்கா, மைதானங்களுக்கு, இன்னொரு பங்கு சர்க்கார் கட்டும் வீடுகளுக்கு, மிச்சம்தான் உடைமைக்காரருக்கு என்று 1991-ல் விதி வந்தது. நல்ல விதி. 2001-ல் ஒரு திருத்தம் செய்து, கட்டிடம் இல்லாத காலியிடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். மில் நிலத்தில் காலியிடம் எவ்வளவு இருக்கும்? பெரும்பகுதி கட்டிடம்தானே! 2005-ல் தேசியப் பஞ்சாலைக் கழகமே ஜூபிடர், அப்போலோ, எல்பின்ஸ்டன், கோஹினூர் முதலிய ஐந்து ஆலைகளின் நிலத்தை இரண்டாயிரம் கோடி ரூபாய் அளவுக்கு விற்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2006-ல் தீர்ப்பு திருத்தத்தின் பக்கம் வந்தது. இன்று அங்கே வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. அந்த மில்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். விதியின் ஒரு வார்த்தையை மாற்றியதில் ஒரு நகரத்தின் தொழிலாளர் பேட்டையே கைமாறிவிட்டது. கோவையில் அப்படி ஒரு காகிதம் தயாராகுமுன் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

விவசாயத் தொழிலாளருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டாரங்களில் தொழிற்பூங்கா அமைக்க 3,800 ஏக்கருக்கு மேல் நிலமெடுக்க 2021-ல் மாநில சர்க்கார் உத்தரவு போட்டது. விவசாயிகள் திரண்டெழுந்து போராடினார்கள். 2022 டிசம்பரில்தான், சம்மதிக்காதவர்களின் நிலத்தை எடுக்க மாட்டோம் என்ற வாக்குறுதி வந்தது. தொழில் வளர்க்க இடமில்லை என்று வாழைத் தோட்டத்தைக் கேட்கிறார்கள். நகருக்குள் ரோடும் மின்சாரமும் தண்ணீரும் உள்ள ஆலைகளைப் பூட்டி வைக்கிறார்கள். நிலம் போனால் நிலக்காரருக்கு நஷ்டஈடாவது உண்டு. அதில் பாத்தி கட்டியும் களையெடுத்தும் பிழைத்த கூலிக்காரருக்கு எந்த நஷ்டஈட்டுப் பட்டியலிலும் பெயர் கிடையாது.

இனி ஸ்மார்ட் சிட்டி என்ற திட்டத்துக்கு வருவோம். 2016 ஜனவரியில் முதல் 20 நகரங்களில் ஒன்றாகக் கோவையைத் தேர்ந்தெடுத்தார்கள். பணத்தையும் பொறுப்பையும் மாநகராட்சி மன்றத்திடம் கொடுக்கவில்லை; அதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதே 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. குளக்கரை, மாதிரிச் சாலை, கார் மாடி என்று பெரிய வேலைகள் நடந்த அந்த ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில், ‘என் வார்டில் சாக்கடை இல்லையே’ என்று கேட்க ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூட இல்லை! அதிகாரிகள் முடிவு செய்தார்கள், காண்ட்ராக்டர்கள் கட்டினார்கள், 2025 மார்ச்சோடு திட்டமும் முடிந்தது.

முத்தண்ணன் குளத்துக் கரையிலும் வாலாங்குளத்துக் கரையிலும் தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, கோவைப்புதூர் அடுக்கு வீடுகளுக்கு அனுப்பினார்கள். கூரை கிடைத்தது உண்மை. டவுனில் மூட்டை தூக்குகிறவனும் வீட்டு வேலை செய்கிற பெண்ணும் பத்துப் பதினைந்து கிலோ மீட்டர் தள்ளிப் போய்விட்டார்கள். விடியற்காலை மார்க்கெட்டுக்கு வர வேண்டியவனுக்கு அந்த நேரத்தில் பஸ் வேண்டும். மெட்ரோ ரயில் திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் திருப்பி அனுப்பியபோது எல்லாக் கட்சிக்காரர்களும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். கீரணத்தத்துக்கு விடியற்காலை பஸ் எத்தனை என்று கேட்கவும் நாலு பேர் வேண்டும்.

இந்த அழகைத் தினமும் துடைத்துப் பெருக்குகிறவர்களின் கதை இன்னும் மோசம். கலெக்டர் நிர்ணயித்த நாள் கூலி 721 ரூபாயைக் கொடு என்று கேட்டு, 2022 அக்டோபரில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. சர்க்கார் அதிகாரி போட்ட கூலியைச் சர்க்கார் நிர்வாகத்திடமே போராடிக் கேட்கிற விசித்திரம் இங்கேதான் உண்டு.

நடைபாதை வியாபாரிகளின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. வேலை போன மில் தொழிலாளிகளில் எத்தனையோ பேர் தள்ளுவண்டி போட்டுப் பிழைக்கிறார்கள். மழை பொய்த்தால் கிராமத்திலிருந்து வருகிற பெண்கள் கீரைக் கூடையோடு உட்காருகிறார்கள். டவுனை அழகுபடுத்துவது என்றதும் முதலில் விரட்டப்படுகிறவர்கள் இவர்கள்தான். காருக்கு மாடி கட்டத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கூடைக்காரிக்கு நாலடி இடம் ஒதுக்கத் தெரியவில்லை.

2014-ல் பார்லிமெண்ட் இவர்களுக்கென்று ஒரு சட்டம் செய்தது. அதன்படி ஒவ்வொரு நகரிலும் ஒரு விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்த சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அங்கிருந்து வியாபாரிகளை நகர்த்தவே கூடாது. டவுன்ஹாலைச் சுற்றியுள்ள வீதிகளில் பாட்டன் காலத்திலிருந்து வியாபாரம் நடக்கும் இடங்கள் உண்டு. அவற்றை அப்படி அறிவிக்கக் கோரி அந்தந்த வீதி வியாபாரிகள் கையெழுத்து வாங்கி மாநகராட்சியில் கொடுக்க வேண்டும்.

சாமான்களை லாரியில் அள்ளிக்கொண்டு போனால் பயந்து ஓட வேண்டாம். எடுத்த சாமான்களுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியது அதிகாரியின் கடமை. காய்கறி, பழம் போன்று அழுகும் பொருளானால் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவை இரண்டு வேலை நாளில். பட்டியல் கேளுங்கள். தராவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்.

பூட்டிய ஆலைகளை யந்திரம் புதுப்பித்து ஓட்ட வேண்டும்; ஓடாத நாட்களுக்கு முழுச் சம்பளம் நிலுவையின்றித் தர வேண்டும். ஓட்டவே முடியாத நிலையில் சிதைந்த ஆலைகளின் நிலத்தில் ஒரு சென்ட்கூடத் தனியாருக்கு விற்கக் கூடாது. கோவைக்கு வேறு தொழிலா இல்லை? பம்பு, கிரைண்டர், வார்ப்படம் என்று வாடகைக் கொட்டகையில் தொழில் நடத்தும் சிறு பட்டறைக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த நிலத்தில் சர்க்கார் பட்டறைக் கட்டிடம் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். பக்கத்திலேயே தொழிலாளர் குடியிருப்பும் காய்கறிச் சந்தையும் வரலாம். வேலைக்கு நடந்து போகலாம். கடைக்கு நடந்து வரலாம். காளீஸ்வரா மில், சோமசுந்தரம் மில் நிலங்களிலிருந்தே இதைத் தொடங்க முடியும். மனமிருந்தால் பணமும் இருக்கிறது. விளக்குக்கு இருந்த பணம்தானே.

மாநகராட்சி மன்றம் மில் நிலம் பற்றி ஒரு தீர்மானமாவது போட வேண்டும். உங்கள் வார்டுக் கவுன்சிலரைச் சந்தித்து அதைக் கேளுங்கள். அவர் எந்தக் கட்சிக்காரராயினும் கேளுங்கள். பஞ்சாலைச் சங்கங்கள் கொடி பேதமில்லாமல் இதில் ஏற்கெனவே கூடி நின்றிருக்கின்றன. அடுத்த ஆலை வாசல் கூட்டத்துக்கு ஒப்பணக்கார வீதிக் கடைச் சிப்பந்திகளும் உக்கடத்துத் தள்ளுவண்டிக்காரர்களும் கீரணத்தத்துக்குப் போன குடும்பங்களும் வரவேண்டும். அன்னூரிலிருந்து விவசாயத் தொழிலாளர்களும் வரவேண்டும். சிறு கடைக்காரர்களுக்கும் அழைப்பு உண்டு; அன்று ஒரு மணி நேரம் கடையைச் சாத்திவிட்டு வரட்டும்.